நடக்கவா, விளையவா

அந்த வருடம் மரக்காணம் உப்பளத்தில் எந்தப் பாத்தியிலும் உப்பு விளையவில்லை. சகாதேவனின் ஷூவில் மட்டும் விளைந்தது. இடது ஷூவில் பொடி உப்பு, வலது ஷூவில் கல் உப்பு. ஒரே ஜோடியில் இரண்டு தினுசு எப்படி என்று கேட்டவர்களிடம், அந்த ஆள் வலது காலை அழுத்தி மிதிக்கிறவர் என்று அவன் பெண்டாட்டி பாஞ்சாலை சொன்னாள். மாசி முழுக்கக் காலம் தப்பிய மழை. பக்கத்துக் கழுவெளி ஏரி நிரம்பி வரப்பு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது, உப்பளக்காரர்கள் குடையோடு வந்து பார்த்துவிட்டுக் குடையோடு திரும்பிப் போனார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு ஜோடி ஷூ விளைந்தது என்றால் ஊருக்குத் தூக்கிவாரிப் போடாமல் என்ன செய்யும்.

சகாதேவன் அதுவரை ஷூ போட்டவன் இல்லை. பாத்திக்குள் யாரும் செருப்புக் காலோடு இறங்குவதில்லை. இறங்கினால் தரை புண்ணாகும், புண்ணான தரை தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு அந்தப் பாத்தி ஒரு பருவம் முழுக்க அழுக்கு உப்புதான் கொடுக்கும். அதனால் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். சகாதேவனுக்குக் கழற்றிப் போடவும் செருப்பு கிடையாது. கல்யாணம் காட்சிக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தான். அது பரணில் கிடந்து விறைத்துப்போயிருந்தது. அவன் பாதம் முன்பக்கம் விசிறிபோல விரிந்தது, குதிகாலில் ஊசி குத்தினால் ஊசிதான் வளையும்.

அவனுடைய ஒரே மகன் பாலகுருவுக்கு அந்தக் கால் பிடிக்காது. இரண்டு பருவம் அப்பனோடு பாத்தியில் இறங்கினான். வானம் இருட்டினால் குவித்த உப்பு அம்பாரத்தை நனையாமல் ஓலை போட்டு மூடுவார்கள், மேகம் பார்த்துக் குரல் கொடுப்பது அவன் வேலை. உப்புத் தண்ணீர் விரலிடுக்கை அரித்துப் புண்ணாக்கியது. ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து நல்ல தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு, “இனிமே என் காலு ஷூவுலதான் இருக்கும். இந்தத் தண்ணியில வைக்க மாட்டேன்” என்று சொன்னான். சொன்னபடி மஸ்கட் போனான், கட்டட வேலை. அங்கிருந்து அனுப்பும் போட்டோவில் எல்லாம் கால் தெரிகிற மாதிரி நிற்பான். வெள்ளை ஷூ, நீல ஷூ, வேலைக்குப் போடும் இரும்பு மூக்கு ஷூ. சகாதேவன் போனில் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கி மகன் முகத்தைப் பார்ப்பான், பிறகு கீழே நகர்த்தி ஷூவைப் பார்ப்பான். அதில் உப்புப் பூத்த அடையாளம் ஒன்றுகூட இருக்காது. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு, பெருமைக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் உண்டு.

அந்த மாசியில் பாலகுரு சாரத்திலிருந்து விழுந்தான். உடம்பில் உடைந்தது எல்லாம் கூடிவந்தது, கண்ணை மட்டும் திறக்கவில்லை. இப்படியே இன்னும் நாள் போனால் ஒரேயடியாகப் போய்விடுவான், ரத்த சொந்தம் யாராவது வந்து பக்கத்தில் இருந்து பேசிப் பார்க்கட்டும் என்று டாக்டர் சொன்னதாகக் கம்பெனி ஆள் போனில் சொன்னார். ஒரு ஆளுக்கு டிக்கெட் அனுப்புவதாகவும் சொன்னார். பாஞ்சாலைக்குப் பாஸ்போர்ட் இல்லை. ஆதாரில் பாஞ்சாலை, ரேஷன் கார்டில் பாஞ்சாலி, அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சகாதேவனுக்கு இருந்தது. ஒரு தடவை வந்து பார் என்று பாலகுருவே போன வருடம் எடுக்க வைத்தது. ஆக, போக வேண்டியவன் சகாதேவன். பாஞ்சாலை அழுது முடித்துவிட்டு முதலில் பார்த்தது அவன் காலைத்தான்.

“வெறுங்காலோட போய் நின்னா உள்ள வுடுவானுங்களாய்யா? புள்ளய பாக்க வுடாம வாசலோட அனுப்பிட்டா என்னா பண்ணுவ?”

அந்தப் பயம் சகாதேவனுக்கும் பிடித்துக்கொண்டது. விமானம் விழுவதைப் பற்றி அவன் நினைக்கவில்லை. காலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைத்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஹபீப் முஹம்மது கடை. பாய் இருபது வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து செருப்பு, ஷூ, பெட்டி விற்கிறவர். காலையில் போன சகாதேவனை அவர் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பிவிட்டார். பகல் முழுக்க நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், விமானத்திலும் அப்படித்தான் வீங்கும், அந்தக் காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும் என்றார். சாயங்காலம் போனபோது பளபளவென்ற தோல் ஷூவைச் சகாதேவன் கையில் எடுத்தான். பாய் பிடுங்கி வைத்தார்.

“ஏம்பா, நீ மாப்பிள்ளையா? இது கல்லு மாரி இருக்கும், பெட்டியில பாதிய இதுவே புடிச்சுக்கும். இந்தா, இத பாரு.” துணியில் செய்த, கயிறு இல்லாத ஒரு சாம்பல் நிற ஷூவை எடுத்து, மூக்கையும் குதியையும் பிடித்துச் சப்பாத்தி மாதிரி மடக்கிக் காட்டினார். “விரலு மடங்குற எடத்துல மடங்குது பாத்தியா? அதான் கணக்கு. மடிச்சு பைக்குள்ள சொருவிடலாம், எடை இல்ல. செக்கிங்ல கழட்டச் சொல்லுவான், கயிறு இருந்தா குனிஞ்சுகிட்டு நிப்ப. முன்னாடி ஒரு கட்டவிரல் எடம் வுட்டு எடுத்துக்கோ.”

“கலரு மங்கலா கீதே பாய்.”

“எந்தப் பேன்ட்டுக்கும் சேரும்டா. நீ புள்ளய பாக்கப் போறியா, போட்டோ புடிக்கப் போறியா?”

சகாதேவனின் விசிறிப் பாதம் கடையில் இருந்த பெரிய அளவுக்குள் ஒருவழியாக நுழைந்தது. பக்கவாட்டில் பிடித்தது. புதுசு அப்படித்தான் பிடிக்கும், கிளம்புவதற்குள் வீட்டில் போட்டு நடந்து பழக்கிக்கொள் என்று பாய் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் தப்பில்லை. சகாதேவன் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் புது இடத்தைத் தன் வசத்துக்குக் கொண்டுவர அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புதுப் பாத்தி போட்டால் தண்ணீர் விடுவார்கள், வரிசையாக நின்று மிதிப்பார்கள், வடித்துக் காயவிடுவார்கள், மறுபடி விட்டு மறுபடி மிதிப்பார்கள். தரை இறுகி, விட்ட தண்ணீரைக் குடிக்காமல் நிறுத்தும்வரை. ஷூவையும் அவன் அப்படியே செய்தான். ஓரத்துப் பாத்தி ஒன்றில் உப்பு ஏறி முற்றிய தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் குடத்தில் மொண்டுவந்து இரண்டு ஷூவிலும் ஊற்றி, காலை விட்டு, வாசலில் நின்ற இடத்திலேயே மிதித்தான். வடித்தான், விட்டுவிட்டு அடித்த வெயிலில் காயவைத்தான், மறுபடி ஊற்றினான். வாரக் கடைசியில் ஷூ அவன் காலுக்குக் கையுறைபோலப் பொருந்தியது. அதற்கு மறுநாள் காலை பாஞ்சாலை வாசல் தெளிக்க வந்தவள், ஷூவுக்குள் வெள்ளையாக ஏடு கட்டியிருப்பதைப் பார்த்தாள். உச்சிவேளைக்குள் ஏடு உடைந்து உப்பாக இறங்கியது. கொட்டிவிட்டு வைத்தாள். சாயங்காலம் மறுபடி நிரம்பியிருந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. தண்ணீர் அதற்குத் தேவைப்படவும் இல்லை.

ஊர் வந்து பார்த்தது. பாத்திக்குச் சொந்தக்காரர் வந்து, தன் நிலத்துத் தண்ணீர்தானே என்று ஆரம்பித்து, வாயில் ஒரு உப்புக் கல்லைப் போட்டதும் பேச்சை மறந்து, வாயை மூடாமலே வீட்டுக்குப் போனார். ஹபீப் பாய் வந்து ஷூவைக் கவிழ்த்தார், தட்டினார், மோந்து பார்த்தார். “யா அல்லா, நான் பழக்கச் சொன்னா நீ பயிர் வச்சிட்டியேடா” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மாற்று ஜோடி தருகிறேன் என்றார். அந்த அளவில் வேறு ஜோடி இல்லை. விமானம் மறுநாள்.

பாய் சொன்னபடி ஷூவை மடித்துப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் வெறுங்காலோடு மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேர்ந்தான். கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மீன்காரம்மாவின் தராசில் ஆறு கிலோ நின்ற பை, கவுன்டரில் ஒன்பது காட்டியது. சகாதேவன் ஷூவை வெளியே எடுத்துக் குப்பைத்தொட்டியில் உப்பைக் கொட்டிவிட்டுக் காலில் மாட்டிக்கொண்டான். கவுன்டர் பெண் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். செக்கிங்கில் கழற்றி டப்பாவில் வைக்கச் சொன்னார்கள். வைத்தான். மிஷின் வழியாக டப்பா மறுபக்கம் வந்தபோது அதன் விளிம்புவரை வெள்ளையாக இருந்தது.

“யோவ், என்னய்யா இது?”

“உப்புங்க.”

“ஷூக்குள்ள எதுக்குய்யா உப்பு?”

“வெளையுதுங்க.”

நாலு பேர் ஓடிவந்தார்கள். நாய் வந்தது, மோந்து தும்மிவிட்டுப் படுத்துக்கொண்டது. காகிதத்தில் தேய்த்துச் சோதித்தார்கள், உப்பு என்று வந்தது. வேறு காகிதத்தில் சோதித்தார்கள், அப்போதும் உப்பு என்றே வந்தது. ஷூவைக் காலி செய்து, துடைத்து, மேஜைமேல் வைத்துச் சுற்றி நின்றார்கள். அவர்கள் கண் முன்னாலேயே உள்ளே ஏடு கட்டியது. ஒரு அதிகாரி நாற்காலியைத் தேடிப் பின்னால் கையால் துழாவினார். மஸ்கட் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது. “எம்புள்ள அங்க கண்ணு தொறக்காம கெடக்குறான் சார். ஷூவ நீங்களே வச்சிக்குங்க, என்ன வுட்டுடுங்க” என்றான் சகாதேவன். அந்தக் கூட்டத்தில் குஜராத் பக்கத்து உப்பள ஊர்க்காரி ஒருத்தி சீருடையில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஷூவைப் பார்க்கவில்லை. சகாதேவனின் பாதத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு உப்புக் கல்லை எடுத்து நாக்கில் வைத்து, தலையை ஆட்டி, ஷூவைக் கொட்டி அவன் கையில் கொடுத்து, ஓடு என்று கையால் காட்டினாள்.

விமானத்தில் கால் வீங்கியது. பாய் விடச் சொன்ன கட்டைவிரல் இடத்தில் உப்பு நின்றது. அது வழிந்து நடைபாதையில் சிதறியதைப் பார்த்த விமானப் பணிப்பெண் முதலில் அலறினாள், அப்புறம் காகிதக் கோப்பை கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பாட்டில் உப்புக் கம்மி என்று முனகிக்கொண்டிருந்த முன் சீட்டுக்காரர் கோப்பையை வாங்கி அடுத்தவருக்கும் அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் யாரும் அவன் காலைப் பார்க்கவில்லை. அவ்வளவு பயந்தது வீண் என்று நினைக்கும்போதே, அறைக்குள் ஷூக் காலோடு நடக்கக் கூடாது, கழற்றுங்கள் என்று நர்ஸ் ஆரோக்கியசெல்வி சொன்னாள். திண்டிவனத்துக்காரி. சகாதேவன் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். பேசுங்கள் என்றார்கள். அவனுக்கும் பாலகுருவுக்கும் ஆறு வருடமாகச் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டிப் பேச்சு இருந்ததில்லை. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த மகனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். மெத்தென்று, வெளிறி, உள்ளங்கை மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாட்கள் போயின. கட்டிலுக்கு அடியில் இரண்டு உப்பு அம்பாரம் எழுந்தது. கூட்டுகிறவர் கூட்டக் கூட்ட எழுந்தது. “ஐயா, இது ஆஸ்பத்திரிங்க, உப்பளம் இல்ல” என்று ஆரோக்கியசெல்வி கத்திப் பார்த்தாள், டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். டாக்டர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி குனிந்து பார்த்தார். அறை முழுக்க, உப்பு இறங்கும்போது பாத்தியில் வருமே, அந்த வாடை. மருந்து வாடையை அது தின்றுவிட்டது.

மழை பெய்யாத அந்த ஊரில் ஒரு மத்தியானம் வானம் இருட்டியது. பாலகுரு கண்ணைத் திறக்காமலே, தெளிவாக, சத்தமாகச் சொன்னான்:

“யப்போவ், மழ வருது. ஓலய போடு.”

ஆரோக்கியசெல்வி கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. சகாதேவன் எழுந்த வேகத்தில் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை உருவி, தரையில் மண்டியிட்டு, இரண்டு அம்பாரத்தையும் நாலு பக்கமும் இழுத்து மூடினான். மூடி முடித்து, வரப்பில் நிற்பதாக நினைத்து மேகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கியபோதுதான், கட்டில் விளிம்பிலிருந்து தன்னைப் பார்க்கும் இரண்டு கண்களைக் கண்டான். வெளியே மழை கொட்டியது. போர்வை மூடியிருந்த உப்பைப் பாலகுரு பார்த்தான், அதில் அவன் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஷூவைப் பார்த்துத்தான் அவனுக்குத் திகைப்பு.

“யாருது?”

“என்துதான்டா.”

“நீயா?” என்றான் பாலகுரு. “நீயா ஷூ போட்ட?” நர்ஸைக் கூப்பிட்டு, தனக்குச் சரியாகக் காது கேட்கிறதா என்று கேட்டான்.

ஆடியில் இருவரும் ஊர் திரும்பினார்கள். பாலகுருவுக்கு இடது கால் கொஞ்சம் இழுத்தது, மற்றபடி ஒன்றுமில்லை. அதற்குள் ஹபீப் பாய் கடையில் ஒரு வழக்கம் வந்திருந்தது. யார் ஷூ கேட்டாலும் அளவு பார்ப்பதற்கு முன்னால், “நடக்கவா, விளையவா?” என்று கேட்பார். விளைய என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த ஷூ எதிலும் விளைந்ததாகத் தகவல் இல்லை, ஆனாலும் கேட்பார். பாலகுரு சாயங்காலமாகப் போய், மடக்கிப் பார்த்து, ஒரு கட்டைவிரல் இடம் விட்டு, எடையில்லாத ஒரு நீல ஜோடியை எடுத்தான்.

“நடக்கவா, விளையவா?”

“நடக்கத்தான் பாய். வேற எதுக்கு?”

உப்புத் தண்ணீர் அதன் பக்கமே போகவில்லை. பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தான், தெருமுனைவரை ஒரு நடை நடந்தான், அப்பனுடையதற்குப் பக்கத்தில் வாசலில் கழற்றி வைத்தான். காலையில் அதிலும் விளைந்திருந்தது. பாலகுரு கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். சகாதேவன் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தான். உள்ளேயிருந்து வந்த பாஞ்சாலை இரண்டு ஜோடியையும் பார்த்து, மகனுடையதில் ஒரு கை அள்ளிக்கொண்டு குழம்புக்குப் போட உள்ளே போனாள்.