வைஷ்ணவிக்கு வேண்டாம் என்ற அட்டை

என் மகள் ஷ்வேதாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் எனக்குக் காதுமடல் சுட்டது. 'பரையா' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டித் தமிழர்களின் பொங்கல் விழா அன்று. 'ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை' என்று ஒரு நிகழ்ச்சி. பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையேறி, அது எங்கிருந்து போனது என்று சொல்ல வேண்டும். கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, வெட்டிவேர்கூடக் கப்பலேறிப் போயிருக்கிறது. பெருமைதான், இருக்கட்டும்.

"உனக்கு என்ன சொல்லக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

ஷ்வேதா அட்டையைத் திருப்பினாள். தில்லியில் பிறந்தவள், தமிழை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் படிப்பாள். "இது பழைய தமிழ் வார்த்தை. யாருக்கும் வேண்டாதவங்க, ஒதுக்கி வச்சவங்கன்னு அர்த்தம். தெருநாய்க்கும் சொல்வாங்க," என்று ஒப்பித்தாள். பிறகு, "எனக்குக் கேட்டமரான்தான் இருந்துச்சு. இது வைஷ்ணவியோடது. அவ மம்மி வேண்டாம்னு மாத்திட்டாங்க," என்றாள்.

வைஷ்ணவியின் அம்மா ராஜலக்ஷ்மி எங்கள் கீழ்வீட்டுக்காரி. என் வத்தக்குழம்பு என்றால் உயிரை விடுவாள். டப்பாவைத் திருப்பித் தரும்போது வெறும் டப்பாவாகத் தரக்கூடாது என்று கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவாள். அப்பேர்ப்பட்டவள் அர்த்தம் தெரிந்துதான் மாற்றியிருக்கிறாள். தன் பெண்ணுக்கு ஆகாதது என் பெண்ணுக்கு ஆகுமாம்!

நான் எழுந்ததும் என் கணவர் தீனா என் கையைப் பிடித்தார். "பிரபா, விடு. நீ வாயைத் தொறந்தா நாம யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நாளைக்கும் இதே லிஃப்ட்லதான் போகணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று துருவுகிறவர்களிடம் 'வேலூர் பக்கம்' என்று சிரித்து மழுப்பித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். ஆனால் பெற்ற பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்ட பிறகு என்ன மழுப்பல் வேண்டிக் கிடக்கிறது? கையை உதறிக்கொண்டு, விழாவை நடத்தும் ஸ்ரீதர் சாரிடம் போனேன்.

"இன்டர்நேஷனல் வார்த்தைம்மா இது. பேப்பர்ல நாடுகளையே அப்படித்தான் எழுதறான். இதுல என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னா வைஷ்ணவிக்கே மாட்டுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அட்டையை எடுத்துடலாம். ஜல்தி, நேரமாச்சு."

அதற்குள் ஷ்வேதா என் புடவையை இழுத்தாள். "அம்மா, யாரு அவங்க? அந்த வேண்டாதவங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறி மைக்கை வாங்கினேன்.

"இது பறையர்ங்கற பேரு. எங்க சாதிப் பேரு. பறைன்னா மேளம். அதுல வேண்டாதவன், ஒதுக்கினவன்னு எதுவும் கிடையாது. வெள்ளைக்காரன் வந்து பாத்தப்ப எங்களை ஊருக்கு வெளிய நிறுத்தி வச்சிருந்தாங்க. அவன் அதையே அர்த்தம்னு எழுதிக்கிட்டான். கொடை கொடைன்னு பேசறீங்களே, அந்த அர்த்தத்தை அவனுக்குக் குடுத்தது யாரு?"

ஷ்வேதா என் விரல்களை இறுகப் பிடித்திருந்தாள். அட்டையை அவள் கழுத்திலிருந்து கழற்றி ஸ்ரீதர் சார் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

கீழே ராஜலக்ஷ்மி வந்து, ஆறுதல் சொல்கிறவளைப் போல என் தோளைத் தொட்டாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பிரபா."

"எதுக்கு முன்னாடி? எங்க வீட்டுக் குழம்பை நீங்க சாப்பிடறதுக்கு முன்னாடியா?"

கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. மணியடிக்காமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே என் டப்பா. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தாள். திறந்து பார்த்தேன். ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்லை.