இரண்டு விரல் துணி

வீட்டிலும் தெருவிலும் அவனுக்கு ரேடியோ என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டான். அவன் வேலை பார்த்த ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள், அவன் பேச்சில் மயங்கி வாளியும் பூட்டும் வாங்கிக்கொண்டு, ஆணியை மறந்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் அக்காவின் தையல் கடைக்கு வந்தான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கொஞ்சம் பிடித்துக் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். வேறு பேச்சே இல்லை.

அக்காவின் கடை ஒரு கதவு அகலம்தான். புதுத் துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, கால் உயரம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, தையல் பிரித்து அகலமாக விடுவது, அவ்வளவுதான். தெருவில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்வாள். வெறும் பீற்றல். அளவு தெரிந்ததே தவிர ஆளைத் தெரியவில்லை.

டயட்டா, இல்லை எவளையாவது பார்த்து வைத்திருக்கிறாயா என்று தம்பியைச் சீண்டினாள். அவன் உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தான். இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்தாள். எவ்வளவு பிடித்தாலும் மிஞ்சிய துணியை வெட்டமாட்டாள், உள்ளேயே மடித்து விடுவாள். உடம்பு திரும்பப் பூரித்தால் பிரித்து விடுவதற்கு இரண்டு விரல் துணியாவது இருக்க வேண்டும். அவள் தொழிலில் அது ஒன்றுதான் சட்டம்.

அடுத்த தெருவில் அவனோடு இருந்த அம்மாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். வாயைக் கட்டப் பழகிவிட்டான் என்று மெச்சினாள். எட்டு மணி வரை குறட்டை விட்டவன் விடிவதற்கு முன்னமே விழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பொறுப்பு வந்துவிட்டது என்றாள். கூட்டாளிகள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. வெட்டிக் கூட்டம் ஒழிந்தது என்றாள். இப்போதுதான் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிறான் என்று முதலாளி வேறு சான்றிதழ் கொடுத்தார். ஒரு மனுஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறான், குடும்பமே சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது. கைதட்டியவர்களில் அக்காவுக்குத்தான் முதலிடம். என் தம்பி திருந்திவிட்டான் என்று ஜிப் மாற்ற வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இரண்டாவது தடவையும் அதே பேன்ட்டோடு வந்தான். மூன்றாவது தடவையும் அதேதான். மற்ற பேன்ட்டெல்லாம் எங்கே என்று கேட்டதற்கு, துவைக்கவில்லை என்றான். முகம் மழித்துப் பல நாள் ஆகியிருந்தது. அதையும் அவள் பார்த்தாள்; தாடி நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். இதற்குள் பேன்ட்டின் பின்பக்கம் மடிப்புமேல் மடிப்பாகப் புடைத்துக்கொண்டு நின்றது. அசிங்கமாக இருக்கிறதே என்று நினைத்தவள், கத்தரியைக் கையில் எடுத்தாள்.

"இனிமே நீ எங்கடா பெருக்கப்போற? வெட்டிடட்டுமா?"

"வெட்டிடு. அது எதுக்கு?" என்றான்.

வெட்டி, குப்பைக்கூடையில் போட்டாள். தையல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்கு ரொம்பத் திருப்தி.

நாலு நாள் கழித்து, மதியம், ஹார்டுவேர் கடை முதலாளி பையின் ஜிப்பைச் சரிசெய்ய வந்தார். குறைப்பட்டுக்கொண்டார். அளவு மாற்றி மாற்றி எடுத்துக் கொடுக்கிறானாம். காலையில் திருகாணி டிராயருக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றிருக்கிறான். என்ன என்று கேட்டால், என்ன கேட்டார்கள் என்பது மறந்துவிட்டதாம். "கண்ணுல தண்ணிம்மா. கேட்டா தூசிங்கறான். வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

அவர் போனபின் அளவு நோட்டைப் புரட்டினாள். முப்பத்தாறு, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று. ஏழே மாசம். எல்லாம் அவள் கையெழுத்து, தேதியோடு. ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினாள்.

பிள்ளை அசந்து தூங்குகிறான், எழுப்பாதே என்று வாசலிலேயே அம்மா தடுத்தாள். அவன் தூங்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அந்தப் பேன்ட் மட்டும் கதவுக் கொக்கியில் தொங்கியது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"தெரியலக்கா. எதுவும் வேணும்னே தோணல. சோறு வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்கு."

"ஏழு மாசமா ஏன்டா சொல்லல?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

கேட்கவே கூடாத கேள்வி ஒன்று அவளுக்குள்ளே முட்டியது. கேட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதாடா?"

போர்வை நுனியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். இல்லை என்று சொல்லவில்லை.

இப்போதே டாக்டரிடம் போகலாம், கிளம்பு என்றாள். சரி என்றான். அன்றைக்கு வெட்டிடு என்றானே, அதே குரல். ஆனால் எழுந்திருக்கவில்லை. தூக்கி உட்கார வைக்கப் பார்த்தாள். முப்பத்தொரு அங்குல உடம்பு, அவளால் அசைக்க முடியவில்லை. அடுப்படியில் அம்மா எதற்கோ சிரித்தாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் கொக்கியிலிருந்த பேன்ட்டை எடுத்தாள். கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்தரியால் பின்தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பழைய அளவுக்கு விட்டுவிட்டால் பழைய ஆள் வந்துவிடுவான் என்கிற மாதிரி ஒரு பைத்தியக்கார அவசரம். கடைசி நூலையும் உருவி, உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். விடுவதற்குத் துணி இல்லை.

அவள் தேம்பியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பரவாயில்லக்கா" என்றான், சுவரைப் பார்த்தபடியே.