வெள்ளிக்கோல் எழுந்த வேளை

தோளில் சாய்ந்த வெள்ளி குளிர்ந்துகொண்டே இருக்கிறது, ஒன்பது கிலோ, ஐந்தடி, படியேறும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும், பேச்சித்தாய் மன்றக் கூடத்துக்குள் நுழைகிறாள், வெள்ளைச் சேலை, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை, மேயருக்கு முன்னால் செங்கோல் தூக்கி நடக்கிற தபேதார் அவள், யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை, கவுன்சிலர்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், இல்லை, இப்போது அவள் நடக்கவில்லை, கமிஷனர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு வெள்ளைத் தாள், சூப்பிரண்டு அருணகிரி கொடுத்தது, ஒரே ஒரு வரி எழுதும்மா, கை தவறிக் கோலை எடுத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு, உனக்கு ஒரு குறையும் வராது, எழுதாட்டா வேலை போயிரும் பாத்துக்கோ என்றார், நல்ல மனுஷன், தன் பேனாவையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கையா தவறியது, இந்தக் கையா, பதினொரு வருசப் பழக்கம், அதற்கு முன்னால் கோலைப் பிடித்தது சுடலையாண்டியின் கை, அவள் புருஷன், கூட்டத்துக்கு முந்தின நாள் கஜானா அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூந்திக்கொட்டை நுரையில் கோலைக் குளிப்பாட்டி, திருநீறு தொட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பான், அவள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்ப் பக்கத்தில் காத்திருப்பாள், பெண்டாட்டியை இப்படி ஒரு நாள் தேய்த்துவிட்டதுண்டா என்று கேலி செய்வாள், அவன் சிரித்துக்கொண்டே ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டுகிறான், இங்கனதாம்ட்டி வெள்ளைக்காரன் கிரீடம் இருந்துச்சு, சுதந்திரம் வந்த வருசம் அறுத்து உருக்கி, அதே வெள்ளியில நெற்கதிர் செஞ்சு வச்சாவ, ஒரு குண்டுமணி கூடக் கொறையல. ஊர் நகராட்சியாக இருந்த காலத்தில், தெருக்கூட்டுகிற குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருத்தர் சேர்மன் ஆனபோது, அவருக்கு முன்னால் நடக்க மனசில்லாத அன்றைய தபேதார் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டானாம், சேர்மன் யாரையும் கெஞ்சவில்லை, கோலைத் தானே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாராம், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கூட எழுந்து நின்றார்களாம், அந்தக் கதையைச் சுடலையாண்டி சொல்லும்போதெல்லாம் கேட்கிற அவளுக்குப் புல்லரிக்கும், ஒரு கோலுக்கு இவ்வளவு மானம் இருக்கிறதே என்று இருக்கும். பெருவெள்ளம் கஜானா அறைக்குள் புகுந்த அன்றைக்குக் கழுத்தளவு தண்ணீரில் கோலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன் அவன்தான், அவன் செத்த பிறகு கருணை வேலையாக அவளுக்கு இந்தப் பட்டையும் வில்லையும் வந்தன, கூடவே அவன் ஓயாமல் சொன்ன சட்டமும் வந்தது, மேயர் நாற்காலியில இருந்தா கோல் மேசையில, மேயர் மேடைய விட்டு ஒரு படி எறங்குனா கோல் தோள்ல, கோல் மேசையில இல்லாம நடக்குறது கூட்டம் கெடையாதுட்டி, வெறும் சந்தை எரைச்சல்.

நேற்று சந்தை இரைச்சல்தான், தீர்மானம் பதினேழு, பழைய பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவது, அவள் மகள் கோமு பிறந்த ஆஸ்பத்திரி, ஊரில் பாதி சனம் அங்கேதான் முதல் அழுகை அழுதது, அங்கே கால் காசு கேட்க மாட்டார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் கத்துகிறார்கள், ஒருத்தர் ஏதோ சொல்ல, மேயர் ஆத்திரத்தில் எழுந்து விரலை நீட்டியபடி ஒரு படி இறங்குகிறார், அந்த நேரம் பார்த்துத் துணை மேயர், ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க என்கிறார், வரிசை வரிசையாகக் கைகள் மேலே போகின்றன, பேச்சித்தாயின் கைகளும் மேலே போகின்றன, கோலோடு.

உயர்ந்த கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. அவள் கை தவறி எடுத்தாள் என்றால் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, தூக்கிய கைகள் செல்லும், ஆஸ்பத்திரி போகும், முறைப்படி எடுத்தாள் என்றால் கூட்டம் அங்கேயே முடிந்தது, தீர்மானம் செல்லாது, அவள் வேலை போகும், இதுதான் இந்தத் தாள். பேச்சித்தாய் பேனாவைத் திறக்கிறாள், மூடுகிறாள், கோமுவின் காலேஜ் இன்னும் ரெண்டு வருசம் பாக்கி, உண்மையைச் சொல்லு பேச்சி, போன மாசமும்தானே மேயர் போன் பேச ஒரு படி இறங்கினார், அன்றைக்கு எடுத்தாயா, எடுக்கவில்லை, பெரியவர்களோடு எதற்கு வம்பு என்று சும்மா நின்றாய், நேற்று மட்டும் கை ஏன் போனது, ஆஸ்பத்திரிக்காகவா, சட்டத்துக்காகவா, அவளுக்கே தெரியவில்லை, ஆனால் எது தப்பு என்று தெரிந்துவிட்டது, மளமளவென்று எழுதினாள், தவறு செய்தது உண்மை, சென்ற மாதக் கூட்டத்தில் மேயர் படி இறங்கியபோது செங்கோலை எடுக்காமல் விட்டுவிட்டேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நேற்று தவறவில்லை.

அருணகிரி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார், ஏம்மா, போன மாசம் அந்தக் கூட்டத்துலல்லா மேயருக்குப் புதுக் காரு பாஸாச்சு, அதையும் சேத்துக் கவுக்கியே, வேற தாள் தாறேன், மாத்தி எழுது. நீங்க எழுதச் சொன்னீய, நான் எழுதிட்டேன் சார், வேலை போனாப் போகட்டும், கோலு தப்புப் பண்ணுச்சுன்னு மட்டும் எங்கையால எழுத மாட்டேன் என்றாள், பயம்தான், பயமில்லை என்று யார் சொன்னது. அன்று சாயங்காலமே சஸ்பெண்ட் உத்தரவு வந்தது, பட்டையையும் வில்லையையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தாளில் இருந்தது ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, அடுத்த கூட்டத்துக்குப் பார்வையாளர் மாடத்தில் உட்கார இடமில்லை, அந்த ஆஸ்பத்திரியில் பெற்றவர்களும் பிறந்தவர்களுமாகப் பெண்கள், இடுப்பில் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் சாதாரணச் சேலையில் பேச்சித்தாய், கதவு திறக்கிறது, கோல் வருகிறது, எதிரே வருகிறது, இத்தனை வருசம் அதைச் சுமந்து நடந்தவள், சுமக்கிறவளுக்கு அது வருகிற அழகு தெரியாதே, நெற்கதிர் முதலில், பிறகு வெள்ளி உடம்பு, பிறகுதான் மனிதர்கள், அவள் எழுந்து நிற்கிறாள், கண் நிறைந்துவிடுகிறது, எம்மா, எவ்வளவு அழகு. கை தவறியது என்ற தாள் கிடைக்காததால் போன ஓட்டு செல்லவில்லை, தீர்மானம் பதினேழு மறுபடி வருகிறது, இரைச்சல் எழுகிறது, மேயர் ஆத்திரத்தோடு எழுகிறார், ஒரு கால் படியை நோக்கி நீள்கிறது, மேசைமேல் கிடக்கிற கோலைப் பார்க்கிறார், புதுத் தபேதாரின் கை அதன்மேல் இருப்பதைப் பார்க்கிறார், நீட்டிய காலை மெல்ல இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்கிறார். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க. கவுன்சிலர்கள் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், பேச்சித்தாய் தன் வெறுங்கைகளை மடியில் கோத்துக்கொண்டு எண்ணினாள், ஐம்பத்தைந்து பேரில் பதினொரு கைதான் மேலே போனது.