அஞ்சம்மாள் இல்லாத தீபாவளி டோஸ்ட்

முட்டை மிதந்தது. ஒன்றல்ல, வாங்கிவந்த நாலும். காசிலிங்கத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். தீபாவளி அதுவுமாக அழுகல் முட்டையைத் தலையில் கட்டிவிட்டானே கடைக்காரன் தட்சணாமூர்த்தி! எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரம் காதோரம் சொட்ட, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கே போய் நின்றார்.

“டேய், நாலும் மெதக்குதுடா. மனுசன் துன்றதா இது?”

“நேத்து எறக்கின லோடு, பெரியவரே. நல்ல நாள்ல ஏன் கத்துறீங்க?”

“உங்கப்பன் காலத்துலேருந்தே இப்படித்தான்டா.”

“வேணாம்னா வெச்சிட்டுப் போங்க. முட்டையும் வேணும் சண்டையும் வேணும்னா நான் எங்க போறது?”

வைத்துவிட்டு வர மனசில்லை. இன்னொரு கடைக்கு அனுமந்தை ஊர் வரைக்கும் போகணும். முட்டைகளோடு முனகிக்கொண்டே திரும்பிவந்தார்.

தீபாவளியன்று குளித்த கையோடு, இட்லிக்கு முன்னால், அவர் மனைவி அஞ்சம்மாள் பாம்பே டோஸ்ட் போடுவாள். இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. அந்த வீட்டில் அதற்கு என்னமோ ஒரு பெயர்; காசிலிங்கம் வாயில் அது நுழையாது. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் நெய்யும் இவளாகச் சேர்த்தவை. மகள் கிருபாவின் பிரசவத்துக்கென்று சித்திரையில் தாம்பரம் போனவள், தீபாவளிக்கு வருகிறேன் என்றிருந்தாள். நேற்று போன் போட்டு, குழந்தைக்குச் சளி, நீ வாய்யா இங்கே என்றாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா? எவனை நம்பி? அவர் அசையவில்லை. ஆனால் இவள் திரும்பி வரவே மாட்டாளோ என்கிற பயத்தில் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

இப்போது போனை எடுத்தார். தட்சணாமூர்த்தியைப் பற்றிக் குறை சொல்லத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

“பாம்பே டோஸ்டுக்கு முட்டை வாங்கினேன், அஞ்சம்மா. அத்தனையும் அழுகல்.”

“இன்னாது! நீ டோஸ்டு போடுறியா?”

“ஏன், எனக்குக் கை இல்லியா? தண்ணில போட்டா நாலும் மெதக்குது.”

“எந்தத் தண்ணிலய்யா போட்ட?”

“பின்னாடி டிரம்முல...” என்றவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அது உப்பளப் பாத்தியில் வெயிலில் காய்ந்து முற்றிய உப்புத் தண்ணீர். மீன் ஊறப்போட அஞ்சம்மாளே நிரப்பி மூடிவைத்துவிட்டுப் போனது. உப்பளத்தில் முட்டையை மிதக்கவிட்டு, தண்ணீர் முற்றிவிட்டதா இல்லையா என்று சொல்கிற ஆளே காசிலிங்கம்தான். அந்தத் தண்ணீரில் எப்பேர்ப்பட்ட நல்ல முட்டையும் மிதக்கும்.

அந்தப் பக்கம் அஞ்சம்மாள் சிரித்தாள். இருமிக்கொண்டே சிரித்தாள். “கிருபா, உங்கப்பன் பண்ண கூத்தைக் கேளுடி!” காசிலிங்கம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சிரி சிரி,” என்றார். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார், வரவில்லை.

“அது சரி, உனக்கு எதுக்குய்யா டோஸ்டு? வருசா வருசம் திகட்டுது திகட்டுதுன்னு திட்டிக்கினேதானே துன்னுவ?”

“அந்த வாசனை இல்லாம வூடு வூடா இல்ல, அஞ்சம்மா. நீ வந்துடு.”

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

“கிருபா வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டாய்யா. புள்ளை நடக்கிற வரைக்கும் நான் எப்படி வருவேன்?” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு மட்டும் உன்னை வுட்டுட்டு இங்க குந்தினு இருக்கணும்னு ஆசையா?”

காசிலிங்கம் போனை வைத்துவிட்டார்.

முட்டைகளைக் கழுவி உடைத்தார். மஞ்சள் கரு உருண்டையாக நின்றது. முட்டையில் தோய்த்துப் போட்ட முதல் ரொட்டித் துண்டு கருகிப்போனது. அடுத்தது தேங்காய்ப்பாலில் அதிகம் ஊறிக் கிழிந்தது. அதற்கப்புறம் போட்டவை ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று வந்தன. நெய்யும் ஏலக்காயும் வீடு முழுக்க மணத்தன. அவரால் ஒரு விள்ளல்கூட வாயில் வைக்க முடியவில்லை.

எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினார். பூட்டை நாலைந்து தரம் இழுத்துப் பார்த்தார். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த பாத்திகளைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து நின்றார். பண்டிகை நாள், வந்த பஸ் நிற்காமல் போனது.

டோஸ்ட் தாம்பரம் போய்ச் சேருமுன் சவசவத்துப் போகும். அவருக்கும் தெரியும். டப்பாவைத் துண்டால் இன்னொரு சுற்று சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கையை நீட்டினார்.