ஒன்றரைச் சுற்று

தெரியாது என்ற சொல் என் வாயில் வராது. அது என் பிறவி வியாதி. மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் மிசின் பழுதுபார்க்கும் பிட்டர். கொழுந்து உருட்டும் ரோலர் நின்றாலும் சோலைமலையைக் கூப்பிடு, தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவில் இஸ்திரிப்பெட்டி சூடாகாவிட்டாலும் சோலைமலையைக் கூப்பிடு என்பார்கள். அப்படி ஊதி ஊதிப் பெருத்த ஆள் நான். அதனால்தான் எண்பத்தாறாம் வருடம் மரியரட்ணம் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, மிதியருகே இரண்டு பல்சக்கரம் உள்ள சைக்கிளை நான் கண்ணால் கண்டதே இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை.

மரியரட்ணம் தோட்டத்துத் தபால்காரன். தினமும் டவுனுக்கு இறங்கி, தபால் பையோடு ஐந்து மைல் மேடேறி வருவான். தேயிலை உலர்த்தும் புது ட்ரையர் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, தன்னுடைய தடித்த டயர் சைக்கிளை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"சங்கிலி பெரிய சக்கரத்துலயே நிக்குதுண்ணே. சின்னதுக்கு எறங்க மாட்டேங்குது. மேட்டுல மிதிச்சா உசுரு போவுது," என்றான். "நீங்க தொட்டா செத்த மிசினும் எந்திரிக்கும்னு சிசிலி சொல்றா."

சிசிலி அவன் மனைவி. ஒரு காலத்தில் சம்பள நாளென்றால் குடித்துக் கிடக்கும் மரியரட்ணத்தைச் சாக்கடைக் கானுக்குள்ளிருந்து தூக்கிவர ஆள் அனுப்ப வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, சிசிலியின் கையைப் பிடித்து, இனிச் சாராயம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். அன்றிலிருந்து தொடவில்லை. அவன் சொல்லுக்கு எங்கள் லயத்து வீடுகளில் மரியாதை வந்ததே அதற்குப் பிறகுதான்.

சைக்கிளை உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டேன். கேபிள் துருவேறி இறுகியிருந்தது; புதிது போட்டேன். சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளுகிற சின்ன இரும்புக் கூட்டைப் பெரிய சக்கரத்தின் பல்லுக்கு மேலே ஒரு காசுத் தடிப்பு இடைவெளியில், சக்கரத்துக்கு நேராக நிறுத்தினேன். கூட்டின் தலையில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று கூடு வெளியே எவ்வளவு போகலாம் என்பதற்கு, மற்றது உள்ளே எவ்வளவு வரலாம் என்பதற்கு. லீவரைத் தள்ளினேன். சங்கிலி சின்னதுக்கு இறங்கியது, திரும்பப் பெரியதுக்கு ஏறியது. மரியரட்ணம் கைதட்டாத குறை.

சின்னச் சக்கரத்தில் ஓடும்போது மட்டும் சங்கிலி கூட்டில் மெல்ல உரசியது. அந்தச் சத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில், சும்மா சுற்றும் சக்கரத்திலிருந்து ரோலரை ஓட்டும் சக்கரத்துக்கு பெல்ட்டைத் தள்ள ஒரு கவை இருக்கும். கவை பெல்ட்டை உரசினால் மூன்றே மாதத்தில் பெல்ட் விளிம்பு நார் நாராகிவிடும். அதனால் கவைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடம் விடுவது பிட்டர் வேலையின் பாலபாடம். கை பழகிய பழக்கத்தில் உள்பக்க ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். உரசல் நின்றது.

"மேட்டுல ஒரு தடவ ஓட்டிப் பாப்பமாண்ணே?" என்று கேட்டான்.

"நான் பூட்டுனதுக்கு டெஸ்ட் வேறயா?" என்றேன்.

நான்காம் நாள் அவன் விழுந்தான். செங்குத்தான வளைவில் எழுந்து நின்று மிதித்தபடி லீவரைத் தள்ளியிருக்கிறான். மிதி சட்டென்று வெறுமையாகி, ஆளும் சைக்கிளும் தபால் பையும் ரோட்டோரக் கானுக்குள் போய்விட்டார்கள். முழங்கால் சில்லு நொறுங்கியது. லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சைக்கிளை என்னிடம் கொண்டுவந்தார்கள்.

குனிந்து பார்த்தேன். சங்கிலி சின்னச் சக்கரத்தையும் தாண்டி உள்ளே விழுந்து, சட்டத்தோடு இறுகிக் கிடந்தது. நான் விட்ட இடைவெளி வழியாகத்தான் போயிருந்தது. சுற்றிப் பார்த்தேன், யாருமில்லை. சங்கிலியை எடுத்து மாட்டினேன். ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுத் திரும்ப இறுக்கினேன். இதைச் செய்தது இந்தக் கைதான், வேறு யாருமில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு நிற்கையில், தொரை கேட்டார். தபால் முழுக்க நனைந்த கோபம் அவருக்கு. நான் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து மிதியைச் சுற்றினேன். சங்கிலி இறங்கியது, ஏறியது, பழைய மெல்லிய உரசலைத் தவிர ஒரு குற்றமில்லை.

"சைக்கிள்ல பெழ இல்லீங்க தொரை," என்றேன்.

சைக்கிளில் பிழை இல்லையென்றால் பிழை யாரில்? குடி என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று பகலுக்குள்ளேயே மலையெல்லாம் ஒரே பேச்சு, மரியரட்ணம் பழையபடி குடித்துவிட்டு விழுந்தான் என்று. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்.

மூன்று மாதம் கழித்து விந்தி விந்தி வந்தான். தபால் வேலை வேறு ஆளுக்குப் போயிருந்தது. தொழிற்சாலையில் கிழவிகளோடு உட்கார்ந்து தூளில் காம்பு பொறுக்குகிற வேலையைக் கொடுத்தார்கள். அவன் உட்கார்ந்த இடம் என் பெல்ட்டுக்கு நேர் எதிரே. எனக்குச் சோறு இறங்காமல் போனது அப்போதுதான். அவனோ, என்னைக் கண்டபோதெல்லாம், "நீங்க நல்லாத்தாண்ணே பூட்டிக் குடுத்தீங்க, எனக்குத்தான் தள்ளத் தெரியல" என்பான்.

ஒரு பகல் நான் கவையைத் தள்ளி ரோலரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். அவன் காம்பை விட்டுவிட்டுக் கவையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது பெல்ட்ட விட்டு ஒரு வெரல் எட்ட நிக்குது. வீட்டுல சைக்கிள பாத்தேன். அதுல கூடு சங்கிலிய ஒரசிக்கிட்டுத்தான் நிக்குது. அது ஏன் அப்பிடி?"

அவன் சூது வைத்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் என்னை உடைத்துவிட்டது.

"அன்னைக்கு அதுலயும் இப்பிடித்தான் எடம் விட்டிருந்தேன் தம்பி," என்றேன். "நீ விழுந்தப்பறம் இறுக்கிட்டேன்."

ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையில் இருந்த காம்புகளைத் தட்டில் போட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"தபால் வேல போவட்டும்ணே," என்றான் கடைசியில். "சிசிலிகிட்ட வந்து சொல்லுங்க. ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்ததும் அவ என் வாயத்தான் மோந்து பாத்தா. மாதா மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன். நம்பல. சைக்கிள்ல பெழ இல்லன்னு சோலமல அண்ணனே சொல்லிட்டாரேன்னு சொன்னா."

வேலை விட்டதும் அவனோடு லயத்துக்குப் போனேன். அவன் விந்தலுக்கு ஏற்ப மெதுவாக நடந்தோம். சிசிலி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசலில் நின்றாள். ஸ்க்ரூவை, ஒன்றரைச் சுற்றை, பெரட்டில் நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக் காலைப் பெரட்டில் தொரைக்கு முன்னால் இதையே சொல்வேன் என்றும் சொன்னேன்.

திட்டுவாள், விளக்குமாறை எடுப்பாள் என்று நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் காலடியில் உட்கார்ந்து, கோணிப்போன அந்த முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மாதா மேல சத்தியமாச் சொன்னீங்களே," என்று அழுதாள். "நாந்தானே நம்பல. பெழ எம்மேலதான்."

அது என் பிழை என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் காதில் விழவில்லை.