ஐந்தாவது பாட்டில்

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஜேசுராஜ் ஒரு ஆமையைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருந்தால் வம்பில்லை. காலை நடைக்குப் போன வாகைக்கண்மாயில், வடக்கு மூலைச் சேற்றில் சாய்ந்து கிடந்த கருவேலங்கட்டை மேல் அது உட்கார்ந்திருந்தது. தராசைத் தொடும் கையைச் சரக்கு வாங்க வந்தவன் பார்ப்பானே, அப்படி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. கடைக்கு வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்.

எதிர்க்கடை மிளகு வியாபாரி சுருளிராஜன் நம்பவில்லை. "இருபது வருஷமா அங்கன வலை போடுறவன் கண்ணுல படாதது, கண்ணாடி போட்ட உங்க கண்ணுல பட்டுச்சாக்கும்" என்றார். அன்றிலிருந்து பஜாரில் அவருக்குப் பெயர் ஆமை அண்ணாச்சி. முப்பது வருடமாக அவர் இன்ன ரகம் என்று சொன்னால் மூட்டையைப் பிரிக்காமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்த வாய்ச்சொல்லுக்குப் போயும் போயும் ஒரு ஆமையா வேட்டு வைக்க வேண்டும் என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகிமா வந்தாள். பள்ளத்தாக்குக் கண்மாய்களில் என்னென்ன ஆமை இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிற பெண். ஆமையைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரைத் தேடி வந்திருந்தாள். கையில் வலை இல்லை, பாட்டில்கள்தான் இருந்தன.

"ஆமையப் பிடிக்க வேண்டாம் அங்கிள். அது நீந்துன தண்ணி போதும். அதோட தோலு, சளி, கழிவு எல்லாம் தண்ணியில கலந்திருக்கும்ல, அதுல டி.என்.ஏ. இருக்கும். லேப்ல பாத்து இன்ன ஆமைன்னு சொல்லிரலாம்."

ஜேசுராஜுக்கு இது உடனே பிடித்துப் போயிற்று. மூட்டைக்குள் குத்தூசி விட்டு, வந்த நாலு காயை வைத்து லோடுக்கே விலை சொல்கிறவர் அவர்.

மறுநாள் கண்மாயில் மகிமா கையுறை மாட்டிக்கொண்டு நாலு இடத்தில் தண்ணீர் எடுத்தாள். ஐந்தாவது பாட்டிலுக்கு மட்டும் பையிலிருந்து ஒரு கேனை எடுத்து அதிலிருந்த சுத்தத் தண்ணீரை ஊற்றினாள். ஐந்தையும் பெட்டியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க அங்கிள், ஜீப்புல போயி ஐஸ் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று கரையேறினாள்.

ஜேசுராஜ் பெட்டியைப் பார்த்தார். பாவம், வடக்கு மூலைச் சேற்றில் இறங்கப் பயந்துகொண்டு பிள்ளை ஒப்பேற்றிவிட்டது என்று நினைத்தார். சாம்பிளில் வெளிச்சரக்கு ஒரு காய் கலந்திருந்தாலே கடையின் பெயர் கெட்டுப்போகும். இதுவோ முழு பாட்டில். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். கேன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தக் கட்டை ஓரத்தில் சேறு கலங்காமல் மேல்தண்ணீரை நிதானமாக மொண்டு நிறைத்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். மகிமா திரும்பி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுகிற ஆளில்லை அவர்.

மூன்று வாரம் கழித்து, கடையில் இருந்தபோது ஜேசுராஜின் செல்ஃபோன் அடித்தது.

"அங்கிள், அஞ்சு பாட்டில்லயும் ஆமை வந்திருக்கு."

"அஞ்சுக்கு அஞ்சு" என்று எதிர்க்கடைக்குக் கேட்கும்படி சொன்னார் ஜேசுராஜ். சுருளிராஜன் மிளகு அள்ளுவதை நிறுத்தினார்.

"அஞ்சாவதுல வரக் கூடாது அங்கிள். அது வெறும் தண்ணி. நம்ம வேலை சுத்தமான்னு பாக்கத்தான் அதைக் கூட வைக்கிறது. அதுலயே ஆமை வந்தா மத்த நாலும் செல்லாது. என் கையிலருந்துதான் ஒட்டிருக்குன்னு எங்க கைடு சார் சொல்றாக. இனிமே வேற ஆளை அனுப்புறேன்னுட்டாக. எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியல."

ஜேசுராஜின் கண் எதிரே தொங்கிய தராசுக்குப் போனது. எடை போடுமுன் வெறும் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அதுதான் அந்த ஐந்தாவது பாட்டில். அந்த வெறும் தட்டில் அவரே கல்லை வைத்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டால் அஞ்சுக்கு அஞ்சு என்பது பஜாரில் நிற்கும். திறந்தால், கண்மாய்க்குள் இருக்கிற ஆமையும் இவர் கொண்டுபோய் விட்டதாகிவிடும். சுருளிராஜன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகிமா, உன் கை சுத்தம்மா. அழுக்கு என் கைதான்" என்றார். குரலைத் தாழ்த்தாமல் நடந்ததையெல்லாம் சொன்னார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கே கடை லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை சீலும் வைத்து அவளுடைய சாருக்கு அனுப்பினார்.

"அப்ப மத்த நாலையும் ரொப்புனது யாரு அண்ணாச்சி?" என்றார் சுருளிராஜன். பஜாரே சிரித்தது.

கடிதத்தைப் படித்த சார் மகிமாவையே மறுபடி அனுப்பினார். ஜேசுராஜ் கண்மாய்ப் பக்கம் வர மறுத்துவிட்டார்.

"நான் ரோட்டுலயே நிக்கிறேன். ஆனா சாம்பிள் எடுக்கையில எதிராளியோட ஆளு கூட நிக்கணும்மா. அதுதான் எங்க பஜார் மொறை. சுருளியக் கூட்டிட்டுப் போ."

முறை என்று சொன்ன பிறகு சுருளிராஜனால் மறுக்க முடியவில்லை. காலை முழுக்க வெயிலில் பெட்டியைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஃபோன் வந்தபோது ஜேசுராஜ் கேட்ட முதல் கேள்வி, "அந்த வெறும் தண்ணி?"

"வெறும் தண்ணியாவே இருக்கு அங்கிள். மத்த நாலுல மூணுல ஆமை இருக்கு."

ஜேசுராஜ் தெருவைத் தாண்டிப் போய் ஃபோனைச் சுருளிராஜன் கையில் கொடுத்தார். அவர் கேட்டார், இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ஆமை அண்ணாச்சி இந்தத் தடவை என்னத்த ஊத்துனாராம்?" என்றார்.

"பேசாம இரும்" என்றார் சுருளிராஜன், கோபமாக. "பெட்டி பக்கத்துல உக்காந்திருந்தது நானு."