நான்கு விரல் இடைவெளி

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வெள்ளியன்று, ஹோம் தீவுப் பள்ளிவாசலில் பாக் ரஸ்னா நெற்றியைத் தரையில் வைத்துத் தொழும் சஜ்தாவுக்குக் குனிந்தபோது, தரை நான்கு விரல் கீழே இறங்கியது. அவர் நெற்றிக்கு மட்டும்தான். பக்கத்தில் தொழுதவர்களுக்குத் தரை இருந்த இடத்திலேயே இருந்தது. வீட்டுப் பாயும் அப்படியே விலகியது. கடற்கரை மணல் குழிந்து ஒதுங்கியது. படகுப் பலகையும் வளைந்து கொடுத்தது. இமாம் வாஹித் கையை நுழைத்து அளந்து, மீனுக்கு நீளம் சொல்வதுபோல, "நாலு விரல், பாக். கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார்.

மூன்று வாரம் போயிற்று. செவ்வாய்க்கிழமை பெர்த்துக்கு விமானம். அங்கே அவர் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். நெற்றி தரை தொடாமலே மௌத்தாகிவிட்டால், உயிர் போய்விட்டால்? மூத்த மகள் ரஸ்னா பிறந்த நாளிலிருந்து அவர் ரஸ்னாவின் அப்பாவாக, பாக் ரஸ்னா ஆனதுபோல, ரஸ்னாவின் அம்மாவாக மாக் ரஸ்னா என்றே அழைக்கப்படும் மனைவி சோறு வைப்பாள்; அவருக்கு இறங்காது.

ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, எழுபதுக்கும் மேலான கிளைகள். அவரிடம் எது குறைகிறது என்று பார்க்க, இமாம் உச்சிக் கிளையான கலிமா என்ற உறுதிமொழியில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நோன்பு, தர்மம், வெட்கம், அண்டை வீட்டார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பாக், கடைசிக் கிளையில் வியர்த்துப் போனார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது.

தரை முதன்முதலாக இறங்கிய அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்குப் போகும் வழியில், துறைமுகத் திருப்பத்தில் ஆணி அடித்த பலகை ஒன்று கிடந்தது. முதல் வரிசை நிறைந்துவிடுமே என்று அதைத் தாண்டிப் போயிருந்தார். பின்னால் வந்த ஊர்க்காரி மாக் இந்தான் மிதித்தாள், இன்னும் நொண்டுகிறாள்.

மாக் இந்தானிடம் போய்ச் சொன்னார்.

"அப்போ அது உங்க கண்ணுல பட்டுச்சு?"

"பட்டுச்சு."

"நல்லாத்தான் ஓடியிருக்கீங்க முதல் வரிசைக்கு! மன்னிச்சாச்சு, போங்க. பலகைய அன்னிக்கே அடுப்புல வச்சுட்டேன்."

தரை இறங்கியபடியேதான் இருந்தது. செவ்வாய் காலை, எடுத்துப்போட எதையாவது தேடித் தெருத்தெருவாக நடந்தார். செய்தி கேள்விப்பட்ட ஊரார், பாவம் அவருக்கு உதவியாக இருக்கட்டுமென்று, விடியும் முன்பே ஒரு முள், ஒரு தேங்காய் ஓடு விடாமல் பெருக்கியிருந்தார்கள். விமானத்தளம் இருக்கும் தீவுக்குப் போகும் படகு இரண்டாம் முறை ஊதியது. மாக் ரஸ்னா பெட்டியோடு அழுதாள்.

மாக் இந்தான் நொண்டிக்கொண்டு வந்தாள். சாம்பல் படிந்த ஆணியை நடுப்பாதையில் போட்டாள்.

"அடுப்புல கெடந்துச்சு. பாத்துட்டே நிக்காதீங்க, எடுங்க!"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தார். அங்கேயே தொழுகைத் திசையான கிப்லா பக்கம் திரும்பிச் சஜ்தாவில் விழுந்தார். பாதையில் பதித்த செங்கல் மேலே வந்து நெற்றியைத் தொட்டது. படகு கால் மணி நேரம் காத்திருந்தது.

தைத்த நெஞ்சோடு திரும்பி வந்தவர் இப்போது கடைசி வரிசையில் தொழுகிறார். அங்கே அவர் நிற்கும் இடத்தில் தரை நான்கு விரல் மேலெழுந்தே நிற்கிறது. புதிதாக வருபவர்கள் இடறிவிடக் கூடாதென்று பாங்கு சொன்னதுமே அங்கே போய் நின்றுவிடுவார். "பாத்து வாங்க, இங்க மேடு."